அத்தைக்கு ஏன் பாதி வீடு

1

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு டீச்சர், பெற்றோர்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் படிப்பதற்கு. ஒருவர் பொங்கலை எடுத்துக்கொண்டார். ஒருவர் மாட்டுவண்டியை எடுத்துக்கொண்டார். நான் வேலை முடிந்து போய்ச் சேர்வதற்குள் நல்ல தலைப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. அதனால் நான் வரியைப் பற்றி எழுதுகிறேன்.

சிரிக்க வேண்டாம். வீடு விற்றால் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய வரி. அதை எங்கள் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். நான் பத்தாவது பாஸ், அதற்கு மேல் அடுப்படியில் படித்தவன். மெல்போர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் சமைக்கிறேன். காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தே காலுக்கு ரயில் பிடித்து, ஆறு மணிக்குக் கஞ்சி கிளற ஆரம்பித்துவிடுவேன். பல் இல்லாதவர்களுக்கு எல்லாவற்றையும் மசித்துத் தரவேண்டும். இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் மசித்திருக்கிறேன். கட்டி தட்டுப்பட்டால் மன்னிக்கவும்.

காரணம் என் மகன் தினேஷ். பத்தொன்பது வயது, காலேஜில் கணக்கியல் படிக்கிறான். போன வாரம் சாப்பாட்டு மேசையில் பாங்கிலிருந்து வந்த வீட்டுக்கடன் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுக் கேட்டான்.

“அப்பா, ஊர்ல வீடு வித்து ஒரு வருஷம் ஆச்சு. அப்புறமும் லோன் இவ்வளவு பாக்கி இருக்கே?”

“நமக்கு வந்தது பாதிதானேப்பா. மீதிப் பாதி அத்தைக்கு.”

“ஏன்? பத்திரத்துல அவங்க பேர் இருந்ததுக்காகவா?”

அவன் தங்கை நிலா, பதினைந்து வயது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சேர்த்துக்கொண்டாள். “அத்தை வாடகைகூடக் குடுக்கலையே.”

இரண்டு பேரும் இதை இங்கிலீஷில்தான் கேட்டார்கள். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவர்கள் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள். இரண்டு ரேடியோ ஸ்டேஷன் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதுபோல ஓடும். “சாப்பிடுங்க முதல்ல” என்று அவர்கள் அம்மா கலைவாணி பேச்சை மூடிவிட்டாள். பதில் கொஞ்சம் நீளம். அதில் என் தப்பும் இருக்கிறது. அதை ரசம் ஊற்றிக்கொண்டே சொல்ல முடியாது.

2

எங்கள் வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தெருவில் இருந்தது. வாசலில் நின்று நாலு எட்டு வைத்தால் கிரிவலப் பாதை. தலையைத் தூக்கினால் மலை. தினேஷும் நிலாவும் இரண்டு தடவை வந்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் கொசுவைப் பற்றித்தான் பேசினார்கள்.

அந்த மனையை நான் மஸ்கட்டில் மூன்று வருஷம் சமைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கினேன். அப்போதுதான் ஆஸ்திரேலியா விசாவும் வந்தது. நாலு நாளில் விமானம். பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

“நீ பாட்டுக்கு ஃப்ளைட் ஏறிடுவே. நாளைக்கு கரண்ட் கனெக்‌ஷனுக்கு யாரு கையெழுத்து போடுவா? தண்ணி கனெக்‌ஷனுக்கு? நீ அங்கருந்து பவர் பத்திரம் எழுதி அனுப்பி, அது வந்து சேர்றதுக்குள்ள இங்க கட்டடமே முடிஞ்சிடும். உள்ளூர் ஆள் ஒருத்தர் பேரையும் கூடப் போட்டுடு.”

“யாரைப் போடறதுங்க?”

“உனக்குத் தங்கச்சி இல்லியா?”

இருந்தாள். வளர்மதி. கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் சேகர் லோடு வேன் ஓட்டுகிறவர். போன் போட்டதும் அவள் பஸ் ஏறி வந்தாள். சாம்பாரில் இன்னொரு முருங்கைக்காயைப் போடுவதுபோல அவள் பேரையும் போட்டுவிட்டார்கள். “இருவருக்கும் சரிபாதி” என்று அதில் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. கையெழுத்துப் போடும்போது அவள்தான் கேட்டாள்.

“இதுல கையெழுத்து போட்டா நாளைக்கு எதுனா வருமாண்ணா?”

“ஒண்ணும் வராது. சும்மா பேருக்குத்தான்.”

வெளிநாடு போகிற முக்கால்வாசிப் பேர் செய்கிற காரியம்தான் இது. அவசரத்தில் அண்ணன் பேர், மச்சான் பேர், தங்கச்சி பேர் என்று எழுதிவிட்டு விமானம் ஏறிவிடுவோம். பேர் என்பது மறந்துபோகிற சாமான் இல்லை. எழுதின இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

மெல்போர்னிலிருந்து நான் பணம் அனுப்பினேன். கீழ்வீடு எழும்பியது. கட்டட வேலையைப் பார்த்துக்கொள்ள வளர்மதியும் சேகரும் வந்து தங்கினார்கள். வேலை முடிந்த பிறகும் இருந்தார்கள். பூட்டிக்கிடக்கிற வீட்டைவிட ஆள் இருக்கிற வீடு நல்லது என்று நான்தான் சொன்னேன். வாடகை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவளிடம் வாடகை கேட்பார்களா, நிலா?

3

இந்த இடத்தில் பௌர்ணமியைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பாத்ரூம் விஷயம் புரியாது.

பௌர்ணமி வந்தால் மலையைச் சுற்ற எங்கெங்கிருந்தோ சனம் வரும். பதினாலு கிலோமீட்டர் நடை. சாயங்காலத்திலிருந்தே எங்கள் தெரு முனையில் தலைதான் தெரியும், தரை தெரியாது. அவ்வளவு தூரம் நடக்கிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, என்ன வேண்டும்? சாமி அப்புறம். முதலில் பாத்ரூம்.

கேட்டைத் தட்டி, “அம்மா, உள்ள பாத்ரூம் இருக்குதாம்மா?” என்று கேட்பார்களாம். வளர்மதிக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. ஒருத்தியை விட்டால் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். நாலு மாதத்தில் செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது. லாரி கூப்பிட்டு எடுத்த அன்று சேகர் சொன்னாராம், “புண்ணியம் உனக்கு, செலவு எனக்கா?”

அதற்கப்புறம் வாசலில் ஒரு அட்டை தொங்கியது. பாத்ரூம் பத்து ரூபாய். எனக்குப் போனில் சொன்னபோது வெட்கமாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் வீட்டில் இப்படி ஒரு போர்டா?

“இன்னாண்ணா வெக்கம்? நீ வேலை பாத்த ஓட்டல்ல தோசைக்குக் காசு வாங்கினாங்களே, அது உள்ள போறதுக்கு. இது வெளிய போறதுக்கு.”

அட்டை தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு வெளிப்பக்கமாக இரண்டு பாத்ரூம் கட்டினாள். பிறகு மாடியில் ஒரு ரூம். பௌர்ணமிக்கு மறுநாள் விடிந்ததும் தெருவெல்லாம் கிடக்கிற தண்ணீர் பாக்கெட்டையும் அன்னதானத் தட்டையும் அவள்தான் கூட்டி அள்ளுவாள். மாதம் தவறாமல். அதை நான் பார்த்ததில்லை. என் லீவு எப்போதும் பள்ளிக்கூட லீவை ஒட்டி வரும், பௌர்ணமியை ஒட்டி வராது.

4

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பக்கத்து மனைக்காரர் லாட்ஜ் கட்டப்போகிறேன், உங்கள் இடத்தையும் தாருங்கள் என்று கேட்டார். நல்ல விலை. வளர்மதிக்கும் முட்டி வலி, கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. “வித்துடலாண்ணா” என்றாள். எனக்கு இங்கே கடன். சரி என்றேன்.

இப்போது வரியைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். வாங்கின விலை ஒன்று. கட்டின செலவு ஒன்று. இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். விற்ற விலையிலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சம் இருப்பது லாபம். அந்த லாபத்தில் அரசாங்கத்துக்கு ஒரு பங்கு. அவ்வளவுதான். பத்திரத்தில் இரண்டு பேருடைய பேர் இருந்தால் லாபத்தையும் அவரவர் பங்குப்படி பிரித்து, அவரவர் தனித்தனியாகக் கட்டவேண்டும்.

நான் இங்கே குடியிருப்பதால் இங்கேயும் கணக்குக் காட்டவேண்டும். அங்கே கட்டினதை இங்கே கழித்துக்கொள்வார்கள். அதைக் கேட்க வரி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிகவும் பொறுமையாகப் பேசினார். “உங்களுடைய முக்கிய வீடு எது?” என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. “திருவண்ணாமலை” என்றேன்.

“அப்படியானால் நீங்கள் அங்கேதான் வசிக்கிறீர்களா?”

“இல்லைங்க, மெல்போர்ன்.”

“உங்கள் குடும்பம்?”

“மெல்போர்ன்.”

“உங்கள் கட்டில்?”

கட்டிலும் மெல்போர்ன்தான். கடைசியில், தூங்குகிற வீடுதான் முக்கிய வீடு என்று அவர் எனக்குப் புரியவைத்தார். பதினெட்டு வருஷமாக எனக்கு அது தெரியாது. போனை வைத்த பிறகு கலைவாணி அரை மணி நேரம் சிரித்தாள்.

அப்புறம்தான் எனக்கு ஒரு நண்பர் யோசனை சொன்னார். ஊரில் சொத்து விற்று அனுபவப்பட்டவர். “தங்கச்சிகிட்ட ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கிடு. என் பேர் சும்மா பேருக்குத்தான், பணம் எல்லாம் அண்ணனுதுன்னு. அப்ப முழு வீடும் உன்னுது. ஒரே கணக்கு, ஒரே வரி, ஒரே பாங்கு. அவளுக்கும் தொல்லை இல்ல.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. வளர்மதிக்கும்தான். போனில் சொன்னபோது, “உன்னுதுதாண்ணா வீடு, எங்க போடணும் சொல்லு, போடறேன்” என்றாள். நாங்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. இதை எழுதும்போதும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது. அதிலிருந்தே தெரிகிறது, எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியிருக்கிறது.

5

மூன்று வார லீவில் ஊருக்குப் போனேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் வரிசையாக டைப் அடிக்கிற கடைகள் உண்டு. அங்கே ஒரு கடையில் அடித்துவாங்கி, நோட்டரி வக்கீலிடம் மறுநாள் காலை வருகிறோம் என்று சொல்லிவிட்டு, பேப்பரை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

வளர்மதி அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு பாராவாகப் படித்தாள். முதல் பாரா அவள் பேர், வயது, விலாசம். தலையாட்டினாள். இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது பாராவில் விரல் நின்றுவிட்டது.

“மேற்படி வீட்டில் நான் ஒரு செங்கல்லுக்குக்கூடப் பணம் செலவழித்ததில்லை.” சத்தமாகப் படித்தாள். “இன்னாண்ணா இது?”

“அது ஒரு ஃபார்மாலிட்டிம்மா. எல்லாருக்கும் இப்படித்தான் அடிப்பாங்களாம்.”

“ஃபார்மாலிட்டின்னா எடுத்துடேன்.”

“எடுக்கக் கூடாதாம்.”

“அப்ப ஃபார்மாலிட்டி இல்லியே.”

சேகர் டிவியைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை.

“வளரு, கையெழுத்து போடறேன்னு நீதானே சொன்னே?”

“இப்பவும் சொல்றேன். வீடு மொத்தம் எங்க அண்ணனுது, எனக்கு ஒண்ணும் வேணாம்னு எழுது. கண்ண மூடிக்கினு போடறேன். ஒரு செங்கல்லு கூட நான் வெக்கலன்னு எழுதாத. அது பொய்யி. வெச்சவ நானு.”

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை, எழுதுகிறேன். விமான டிக்கெட் காசு, லீவுக்குப் பிடிக்கிற சம்பளம், லாட்ஜ்காரரின் அவசரம் எல்லாம் தலைக்குள் ஓடியது. பதினெட்டு வருஷம் நான் பணம் அனுப்பியிருக்கிறேன், இவள் ஒரு பாராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே என்று நினைத்தேன். “சரி, ஆடிட்டர்கிட்ட போவோம். அந்த பாராவை எப்படி மாத்தறதுன்னு கேப்போம்” என்றேன். நண்பர் சொன்ன யோசனை போதும் என்று அதுவரை ஆடிட்டரையே நான் பார்க்கவில்லை. அது முதல் தப்பு.

6

ஆடிட்டர் ஒரு இளம்பெண். வேங்கிக்காலில்தான் ஆபீஸ். பேப்பரை ஒரு தடவை படித்தார்.

“அஞ்சாவது பாராவை எடுத்துட்டா இந்தப் பேப்பருக்கு வேலையே இல்ல சார். அந்தப் பாராதான் இந்தப் பேப்பர். அக்கா ஒரு ரூபாகூடப் போடலன்னாத்தான் பேருக்கு மட்டும் ஓனர்னு சொல்ல முடியும். நாளைக்குக் கேட்டா நீங்கதான் காட்டணும். எல்லாம் உங்க பணம்தானா?”

“எல்லாம் என் பணம்தாம்மா” என்றேன். “பாங்கு பேப்பர் மொத்தமும் கொண்டாந்திருக்கேன்.”

அது நிஜம். அனுப்பின ஒவ்வொரு பணத்துக்கும் பேப்பர் வைத்திருக்கிறேன். ஆடிட்டரம்மா ஒரு பக்கம் வீட்டு வேலைகளை எழுதினார், ஒரு பக்கம் என் பேப்பர்களை அடுக்கினார். மனை, சரி. அஸ்திவாரம், சரி. கீழ்த்தளத்துக் கூரை ஒட்டு, சரி. போர்வெல், சரி. காம்பவுண்டு, சரி. எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை சரி விழுந்ததில்லை.

“மாடி ரூமுக்கு நீங்க அனுப்பின பணம் எது சார்?”

பேப்பர்களைப் புரட்டினேன். மாடி கட்டின வருஷத்தில் ஒன்றுமே இல்லை. முன் வருஷம் இருக்கிறது, அடுத்த வருஷம் இருக்கிறது. நடுவில் ஒரு வருஷம் சுத்தமாக வெறுமை. எங்கேயோ விட்டுவிட்டேன் என்று பையைத் தலைகீழாகக் கொட்டினேன்.

“தேடாதண்ணா” என்றாள் வளர்மதி. “அந்த வருஷம் நிலா பொறந்தா.”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நிலா, நீ எட்டாம் மாசத்திலேயே பிறந்துவிட்டாய். உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அம்மா வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். நான் இரண்டு ஷிப்ட் பார்த்தும் இங்கே வாடகைக்கே இழுத்துக்கொண்டிருந்தது. ஊருக்கு ஒரு பைசா அனுப்பவில்லை.

“கொழந்தைய பொட்டியில வெச்சிருக்காங்கன்னு போன்ல அழுதியே. உங்கிட்ட போய் சிமெண்ட்டுக்குக் காசு கேப்பேனா?”

“அப்ப மாடி?”

“பாத்ரூம் காசு.”

ஆடிட்டரம்மாவின் பேனா நின்றது. “என்ன காசுக்கா?”

“பாத்ரூம் காசும்மா. பௌர்ணமிக்கு ஒரு ஆளுக்குப் பத்து ரூபா. கொழந்தைங்களுக்கு ஃப்ரீ. அதுலதான் வெளி பாத்ரூம் ரெண்டும், மாடி ரூமும். கொஞ்சம் கம்மியாச்சு, அதுக்கு எங்க வூட்டுக்காரரு வேன் மேல லோன் போட்டாரு. கட்டி முடிச்சிட்டோம்.”

“பில் எதாவது இருக்கா?”

“சிமெண்ட்டு, கம்பி, டைல்ஸு எல்லாம் இருக்கு. என் பேர்லதான். பீரோவுல.”

“சூப்பர்க்கா. வேற?”

“ஒட்டு போட்டு, கான்கிரீட்டு காயாம இருக்க இருவத்தோரு நாளு தண்ணி கட்டினேன். மேஸ்திரி ஆள் வெக்கல. நான்தான் கொடம் கொடமா ஏத்தினேன்.”

“அதுக்கு பில் இருக்கா?”

“தண்ணி ஊத்தினதுக்கு யாரும்மா பில்லு குடுப்பா?”

மூன்று பேரும் சிரித்தோம். “அப்ப அது கணக்குல வராதுக்கா” என்றார் ஆடிட்டரம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் மட்டும் சீக்கிரம் நிறுத்திவிட்டேன்.

ஏனென்றால் அந்த மாடியை நான் கட்டியதாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் போட்டோ காட்டியிருக்கிறேன். உங்களிடமும் சொல்லியிருக்கிறேன், தினேஷ். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. நான் அனுப்பிய பணத்தில்தானே எல்லாம் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் நான் அவளை ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். அவள் போட்டிருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

7

ஆடிட்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். “அக்கா நிஜமான ஓனர். பத்திரமும் பாதின்னு சொல்லுது, பில்லும் சொல்லுது. அவங்க பாதி அவங்க அக்கவுண்ட்டுக்கு, அவங்க பான் கார்டுல. அதுக்கு வரியும் அவங்களுது. அந்தப் பணத்துல இன்னொரு வீடு வாங்கிட்டாங்கன்னா, லாபம் அதுல அடங்கிடும், வரி வராது. வாங்கலன்னா கட்டணும். அப்புறம் அவங்க பணத்தை யாருக்குக் குடுக்கறதும் அவங்க இஷ்டம்.”

“நானும் வீடு வாங்கினா?”

“இந்தியாவுல வாங்கினா உங்களுக்கும் அப்படித்தான் சார். மெல்போர்ன் லோனுக்குக் கட்டினா ஆகாது.”

ஒரே வீடு, ஒரே சுவர், இரண்டு கணக்கு. இன்னொரு விஷயம் கேளுங்கள். நான் வெளிநாட்டில் குடியிருப்பதால் என் பாதிக்கு, வாங்குகிறவர் முன்னாலேயே வரியைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருவார். அதுவும் லாபத்தில் இல்லை, முழு விலையிலும் பிடிப்பார். லாபம் இவ்வளவுதான் என்று வரி அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கினால்தான் குறைத்துப் பிடிப்பார். வளர்மதி பாதிக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை.

“உன்னை நம்ப மாட்டாங்கண்ணா” என்றாள் அவள். “நீ ஓடிப்போயிடுவியே. நான் எங்க போவேன்?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆபீஸை விட்டு இறங்கிப் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது, “என் பாதி வந்ததும் உனக்கே அனுப்பிடறேண்ணா. டாக்ஸ் எவ்ளோ வருதோ அத மட்டும் எடுத்துக்கறேன். பொய்ல கையெழுத்து போடக் கூடாதுன்னுதான் நின்னேன், காசுக்காக இல்ல” என்றாள்.

அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் எனக்கு இனித்தது. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்த முழுப் பணத்தையும் மெல்போர்ன் கடனில் கட்டிப் பார்த்துவிட்டேன் மனசுக்குள். உங்கள் அப்பா பெரிய மனுஷன் என்று நினைத்துவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

பஸ் ஸ்டாப்பில் அவள் போன் அடித்தது. கத்திப் பேசுகிற ஆள். எனக்கே கேட்டது. “அக்கா, அந்த வேங்கிக்கால் வீடு இன்னா முடிவு பண்ணீங்க? வாடகை அவுரு கொறைக்க மாட்டேன்றாரு. அட்வான்ஸு ஜாஸ்தி கேக்கறாரு.”

அவள் பக்கத்துச் சுவர் பக்கம் திரும்பி, “அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

“யாரு?”

“புரோக்கரு. வாடகை வீடு பாக்கச் சொல்லியிருந்தேன்.”

“யாருக்கு?”

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “வீட்ட வித்துட்டு நாங்க ரோட்டுலயா இருப்போம்?”

தினேஷ், விலை பேசினேன். வரியைப் பற்றி இரண்டு தேசத்தில் விசாரித்தேன். அடித்த பேப்பரில் கமா சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். வீட்டை விற்றால் நீ எங்கே போவாய் என்று அவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்து நின்றது. நாங்கள் ஏறவில்லை. போய்விட்டது.

“உன் பாதிய எனக்கு அனுப்பாத” என்றேன். “வீடு வாங்கு.”

“இன்னாத்துக்கு?”

“வாங்கினா டாக்ஸ் இல்லல்ல? ஆடிட்டரம்மா சொன்னாங்களே.”

“டாக்ஸுக்காக வீடு வாங்கச் சொல்றியா?”

“ஆமா. டாக்ஸுக்காகத்தான்.”

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. எதிர்க்கடையில் போண்டா எடுத்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். “உனக்குக் கடன் இருக்கேண்ணா” என்றாள்.

“அது என் வீட்டுக் கடன். நான் தூங்கற வீடு. நான் கட்டிக்கறேன்.”

8

சான்றிதழ் வர மாதங்கள் ஆயின. எனக்கு லீவு முடிந்து திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். நடுவில் லாட்ஜ்காரர் இரண்டு தடவை கோபித்துக்கொண்டார், இரண்டு தடவை சமாதானமானார். கடைசியில் விற்றது. என் பாதியில் வரி போக வந்ததில் இங்கே கடன் கொஞ்சம் குறைந்தது. மிச்சத்துக்குத்தான் அந்தக் கடிதம் வருகிறது. நான் இன்னும் எட்டு வருஷம் கஞ்சி கிளறினால் முடிந்துவிடும். உன் படிப்புக்கு அதில் கை வைக்கலாமா என்று நீ நினைத்திருப்பாய், தினேஷ். வைக்கலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முடியவில்லை. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் அத்தையிடம் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். கொடுத்தது என்ற வார்த்தையே தப்பு. அவளுடையது அவளிடம் இருந்தது.

வேங்கிக்காலில் அவள் ஒரு சின்ன வீடு பார்த்தாள். இரண்டு ரூம், முன்பக்கம் வேன் நிறுத்த இடம். கிரிவலப் பாதையிலிருந்து நல்ல தூரம். “இங்க யாரும் வந்து கேட்ட தட்ட மாட்டாங்க” என்று சேகர் சந்தோஷப்பட்டார்.

பத்திரம் பதிகிற அன்று நானும் போனேன். இப்போது பத்திரம் எழுதுகிறவர் ஒரு சின்னப் பையன், கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். என்னைக் காட்டி அவளிடம் கேட்டான்.

“அண்ணன் பேரையும் சேத்துடலாமாக்கா? ஜாயின்ட்டா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். “வேணாம்பா. நாளைக்கு விக்கும்போது அவருக்கு டாக்ஸ் வரும். பாவம், வெளிநாட்டுல இருக்காரு.”

அந்தக் கடையே சிரித்தது. என்னைச் சாட்சியாகப் போட்டார்கள். பதிவு ஆபீஸில் சாட்சிகள் உட்கார கடைசியில் ஒரு பெஞ்சு இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்தேன். மின்விசிறி என் பக்கம் வரவில்லை. முன்னால் கேமராவும் கைரேகை வைக்கிற மெஷினும் இருந்தன.

“வாங்கறவங்க யாரு? முன்ன வாங்க” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

வளர்மதி பழக்கத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

“நான்தாங்க” என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள்.